ரீலோடு கொடுப்பதற்கு முன்னால்

எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச். மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டின் எடைமேடை அறையில் ஒன்று. காசிமேட்டில் மீன் பதப்படுத்தும் கூடத்தின் பரணில் ஒன்று. மாதவரம் கிடங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாலைந்து. வடசென்னையில் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடங்கள் எல்லாம் பழக்கம்தான். ஏசி அறையை மனதில் வைத்து எழுதப்பட்ட சுவிட்ச் மென்பொருள் அப்டேட் வழிகாட்டிகள் இங்கே பாதி தூரம்தான் கூட வரும். நேரடியாகக் கேபிள் போட்டு சுவிட்சோடு பேசும் கன்சோல் போர்ட்டின் பின்களில் கடற்காற்றின் உப்பு ஏறியிருக்கும். யுபிஎஸ் பேட்டரி அரை உயிரில் இருக்கும். மாற்று சுவிட்ச் அலமாரியில் இருக்காது. யார்டில் லாரி வரிசை இரவிலும் நிற்காது.

அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி, அப்டேட் கெட்டுப்போனால் திரும்பி வரும் வழியைப் பற்றியது. அந்த வழி முதலில் தயாராக வேண்டும், புது இமேஜ் (சுவிட்சை ஓட்டும் மென்பொருள் ஃபைல்) அதற்குப் பிறகு என்பதுதான் என் கட்சி. இந்தப் பகுதியில் இன்னமும் அதிகம் ஓடிக்கொண்டிருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 குடும்பம் என்பதால் விவரங்களும் அதைச் சுற்றியே இருக்கும். மற்ற பிராண்டுகள் பின்னால் வரும்.

"ஓடிக்கிட்டுதானே சார் இருக்கு, எதுக்குத் தொடணும்?" என்று யார்டு மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்வி, நேரான பதில் சொல்லவேண்டும். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களை அலசியபோது சிஸ்கோ தன் சுவிட்சுகளிலேயே ஓர் ஓட்டையைக் கண்டது. டெல்நெட் என்ற பழைய ரிமோட் லாகின் வழி திறந்திருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் சுவிட்சைக் கைப்பற்றலாம். 2960-ம் அந்தப் பட்டியலில் இருந்தது. 2018-ல், புது சுவிட்சைத் தூரத்திலிருந்தே அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் இன்னொன்று, டிசிபி 4786 போர்ட் வழியாக. 2023 அக்டோபரில், புதிய சிஸ்கோ சுவிட்சுகளின் இயங்குதளமான ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வெப் பக்கத்தில் வெளிப்பட்டது இவற்றைவிட மோசம். வெளியாள் ஒருவர் தானே லெவல் 15 என்ற முழு அதிகாரத்தோடு ஒரு கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது.

மூன்றுக்கும் இமேஜை மாற்றாமலே கதவைச் சாத்த வழி உண்டு. ரிமோட் லாகினுக்கான விடிஒய் லைன்களில் "ட்ரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்" (என்க்ரிப்ட் ஆன எஸ்எஸ்ஹெச் லாகின் மட்டும்), அடுத்து "நோ விஸ்டாக்", பிறகு "நோ ஐபி ஹெச்டிடிபி சர்வர்", "நோ ஐபி ஹெச்டிடிபி செக்யூர்-சர்வர்". இந்த நான்கு வரிகளை இன்றைக்கே போட்டுவிடுங்கள், ரீலோடு (மறுதொடக்கம்) தேவையில்லை. அப்புறம் இமேஜ் மாற்ற நல்ல நாளாகப் பார்த்து, நிதானமாகத் திட்டம் போடலாம். தீபாவளிக்கு முந்தைய மாதம் எம்.சி. ரோட்டில் கை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கேயும் கை வைக்காதீர்கள்.

எந்த வெர்ஷனுக்குப் போவது? ஆகப் புதியது என்பதற்காக ஒன்றை எடுக்கவேண்டாம். சிஸ்கோவின் டவுன்லோடு பக்கத்தில் நட்சத்திரம் போட்டுப் பரிந்துரைப்பதை எடுத்துக்கொண்டு, அதன் ரிலீஸ் நோட்ஸில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். இமேஜ் அங்கிருந்தேதான் வரவேண்டும். யாரோ டிரைவில் போட்டுப் பகிர்ந்த ஃபைலை ஒரு நிறுவனத்தின் எல்லா ட்ராஃபிக்கும் போகும் பெட்டியில் ஏற்றுவது தகாது.

ஃபைல் பெயரை நின்று படிக்கவேண்டும். "சி2960-லேன்பேஸ்கே9-எம்இசட்.150-2.எஸ்இ11.பின்" என்று இருந்தால், முதல் துண்டு வன்பொருள். 2960, 2960-எஸ், 2960-எக்ஸ் மூன்றும் தனித்தனி, ஒன்றின் இமேஜ் மற்றொன்றில் எழாது. அடுத்தது வசதித் தொகுப்பு. கே9 என்றால் என்க்ரிப்ஷன் உண்டு, அது இல்லாத இமேஜை ஏற்றினால் எஸ்எஸ்ஹெச் போய்விடும். எம் என்பது ராமில் ஓடும் இமேஜ் என்பதற்கு, இசட் என்பது சுருக்கி வைத்தது என்பதற்கு. அந்த எம் என்ற ஒற்றை எழுத்தைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். 2960-ல் ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) ஒருமுறை எழுந்துவிட்டால் முழுக்க ராமிலிருந்துதான் ஓடுகிறது. ஃப்ளாஷ் என்ற நிரந்தர நினைவகத்தில் உள்ள இமேஜைத் தவறிப்போய் அழித்துவிட்டாலும் சுவிட்ச் நிற்காது, பில்லிங் நடக்கும், கேமரா ஓடும். கரன்ட்டைத் துண்டிக்காமல், ரீலோடு கொடுக்காமல், இமேஜை மறுபடி காப்பி செய்து சரிபார்த்தால் நடந்தது யாருக்கும் தெரியாது. பதறிப்போய் ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் ஆபத்து.

கேட்டலிஸ்ட் 9000 வரிசைக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்ஸ்டால் மோடில் அது பேக்கேஜ்களை ஃப்ளாஷிலிருந்து மவுண்ட் செய்து ஓடுகிறது. இடம் போதவில்லை என்று அங்கே எந்த ஃபைலையும் கையால் அழிக்கக் கூடாது. "இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்" கொடுத்தால் வேண்டாதது எது என்று அதுவே பார்த்து நீக்கும்.

ஒரு வாரம் முன்னால்

அப்டேட்டுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த இடத்துக்கு நேரில் ஒரு தடவை போகவேண்டும். ரிமோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வேலை இது.

முதலில் கன்சோல். நீலநிறத் தட்டைக் கேபிள், ஒருமுனை ஆர்ஜே45, மறுமுனை டிபி9, அதற்கு ஒரு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர். ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும் கன்வெர்ட்டர்களில் பல ப்ராலிஃபிக் சிப்பின் பழைய வகை அல்லது நகல். புதிய விண்டோஸில் டிரைவர் அவற்றை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்கி, உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தே கொண்டுபோங்கள். வேகம் 9600, டேட்டா 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் 1, ஃப்ளோ கன்ட்ரோல் நன். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் திரையில் எழுத்து வரும், நீங்கள் அடிப்பது மட்டும் உள்ளே போகாது. 2960-எஸ், 2960-எக்ஸ் முகப்பில் மினி யுஎஸ்பி கன்சோலும் இருக்கும். அதில் கேபிள் செருகியிருந்தால் ஆர்ஜே45 பக்கம் அடிப்பது எடுபடாது, மறந்துபோன கேபிள் எதுவும் தொங்குகிறதா என்று பாருங்கள்.

கடலோரத்தில் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய இடங்களில் வருடக்கணக்கில் தொடாத கன்சோல் போர்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தால், பின்களில் தங்கப்பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். விளைவு, கன்சோலில் குப்பை எழுத்து. பாட் ரேட்தான் தப்பு என்று எல்லோரும் அதையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பவரைத் துண்டித்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலர்ந்தபின் கேபிளை நாலைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போடாதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். இதை முன்னாலேயே செய்துவைத்தால்தான் இரவு ஒரு மணிக்கு பூட் லோடர் (இமேஜை எழுப்பும் சிறு ப்ரோகிராம்) கேட்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்து யுபிஎஸ். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்ச் முழு லோடில் ஓடும்போது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்க்கவேண்டும். பார்க்கும் நேரத்துக்கு ஆட்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் கணக்கு. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தைக் கழித்த 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, பச்சை விளக்கு எரிந்தாலும் சில நிமிடங்களில் படுத்துவிடலாம். 20 நிமிடம் தாங்காவிட்டால் பேட்டரியை மாற்றிவிட்டே மேற்கொண்டு பேசுங்கள்.

மூன்றாவது, இருக்கும் நிலையைப் பதிவு செய்வது. "ஷோ வெர்ஷன்", "ஷோ பூட்", "டிர் ஃப்ளாஷ்:", "ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்", "ஷோ சிடிபி நெய்பர்ஸ்", "ஷோ பவர் இன்லைன்", "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ சம்மரி". எல்லாவற்றையும் லாகில் போட்டுச் சேமியுங்கள், அப்டேட்டுக்குப் பிறகு இதையே மறுபடி எடுத்து ஒப்பிடவேண்டும். ரன்னிங் கான்ஃபிக்கை (இப்போது ஓடும் அமைப்புகளை) வெளியே எடுத்து வையுங்கள். அதோடு விட்டுவிடுபவர்கள் அதிகம். விலேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிரும் விடிபி-யின் சர்வர் மோடில், விலேன்கள் (சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பவை) கான்ஃபிக் ஃபைலில் எழுதப்படுவதில்லை, ஃப்ளாஷில் "விலேன்.டேட்" என்ற தனி ஃபைலில் இருக்கும். கான்ஃபிக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுவிட்சை மீட்டால் போர்ட்டெல்லாம் சரியாக இருக்கும், விலேன்கள் இருக்காது, ஒரு கம்ப்யூட்டரும் பேசாது. அந்த ஃபைலையும் காப்பி செய்யுங்கள்.

நான்காவதை எல்லோரும் தவிர்க்கிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். பழைய இமேஜோடு ஒரு முறை ரீலோடு செய்து பாருங்கள். வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய பெட்டியில் யாரோ செய்து சேமிக்காமல் விட்ட மாற்றங்கள் இருக்கும், பூட் வேரியபிள் (எந்த இமேஜில் எழுவது என்ற குறிப்பு) இல்லாத ஃபைலைக் காட்டிக்கொண்டிருக்கும், ஃபேன் நின்றுபோயிருக்கும். அப்டேட்டோடு சேர்ந்து இவை வெளிப்பட்டால் பழி புது இமேஜ்மேல் விழும், நீங்களும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இமேஜை ஏற்றுவது

2960-ல் ஃப்ளாஷ் 32 எம்பி, 2960-எஸ்-ல் 64, 2960-எக்ஸ்-ல் 128. சிஸ்கோ இரண்டு வடிவங்களில் தருகிறது. டார் (.tar) ஃபைலில் இமேஜோடு வெப் பக்கங்களும் சேர்ந்து வரும், பின் (.bin) ஃபைலில் இமேஜ் மட்டும். 32 எம்பியில் பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க வேண்டுமானால் பின் ஃபைல்தான் வழி. பழைய ஹெச்டிஎம்எல் ஃபோல்டரை நீக்கினால் இடம் கிடைக்கும், க்ராஷ்இன்ஃபோ ஃபைல்களையும் வெளியே காப்பி செய்துவிட்டு நீக்கலாம். வெப் பக்கத்தை எப்படியும் மூடிவிட்டோம். டார்தான் வேண்டும் என்றால் "ஆர்கைவ் டவுன்லோடு-எஸ்டபிள்யூ" கட்டளையோடு "/லீவ்-ஓல்டு-எஸ்டபிள்யூ" சேர்க்கவேண்டும். இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும் "/ஓவர்ரைட் /ரீலோடு" ஜோடியைப் போட்டால் பழைய இமேஜ் போய்விடும், உங்களைக் கேட்காமல் ரீலோடும் ஆகிவிடும். திரும்பி வரும் வழியை நாமே அடைப்பது அது. இன்னொன்று அடிக்கடி நடக்கும்: டார் ஃபைலைச் சாதாரண "காப்பி" கட்டளையால் ஃப்ளாஷில் போட்டு, பூட் வேரியபிளில் அதன் பெயரையே எழுதிவிடுவது. டார் பூட் ஆகாது, அது பிரிக்கப்பட வேண்டிய மூட்டை.

காப்பி செய்ய டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை போதும், ஆனால் அதன் இரண்டு குணங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கேட்பது யுடிபி 69-க்குப் போனாலும் சர்வர் பதில் சொல்வது வேறொரு புது போர்ட்டிலிருந்து. லேப்டாப் ஃபயர்வாலில் 69-ஐ மட்டும் திறந்து வைத்தால் போதாது, டிஎஃப்டிபி ப்ரோகிராமையே அனுமதிக்கவேண்டும். பிங் போகும், காப்பி போகாது என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இரண்டு, ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ரசீது வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். கிடங்கில் ஒவ்வொரு மூட்டைக்கும் டேலி கிளார்க் 'சரி' சொன்ன பின்பே அடுத்த மூட்டை இறங்குவது போல. அந்த மூட்டை எண் 16 பிட், ஆகவே 65,535 மூட்டைக்கு மேல் எண்ண முடியாத பழைய சர்வர்கள் 32 எம்பியில் நின்றுவிடும். 9000 வரிசையின் இமேஜ்கள் நூற்றுக்கணக்கான எம்பி. அவற்றுக்கு எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பும் எஸ்சிபி அல்லது யுஎஸ்பி டிரைவ்.

காப்பி ஓடும்போது திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக வரவேண்டும். நடுவில் புள்ளிகள் வந்தால் பாக்கெட் தொலைந்து மறுபடி கேட்கிறது என்று அர்த்தம், கேபிளையோ டூப்ளெக்ஸையோ பாருங்கள். முடிந்ததும் "வெரிஃபை /எம்டி5" கொடுத்து, ஃபைலின் கைரேகை போல வரும் 32 எழுத்தையும் சிஸ்கோ பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கண்ணால் முதல் நாலு, கடைசி நாலு பார்த்துவிட்டுப் போகாதீர்கள், அந்த எண்ணையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால் சுவிட்சே சரிபார்த்துச் சொல்லும். பிறகு "பூட் சிஸ்டம்" வரியில் புதியதை முதலில் எழுதி, செமிகோலன் போட்டுப் பழையதை இரண்டாவதாக எழுதுங்கள். முதலாவதை ஏற்ற முடியாவிட்டால் பூட் லோடர் தானே இரண்டாவதுக்குப் போகும். "ரைட் மெமரி", "ஷோ பூட்", ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடல். ஃபைல் பெயரில் ஒரு புள்ளி தவறினாலும் காலையில் கடை திறக்காது.

இமேஜை ஏற்றுவதில் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பகலிலேயே செய்யலாம், ட்ராஃபிக்குக்கு ஒன்றும் ஆகாது. காப்பியின் நடுவில் கரன்ட் போனாலும் கவலையில்லை, பழைய இமேஜ் எழும், மறுபடி காப்பி செய்யலாம். உண்மையில் கரன்ட் போகக்கூடாத நேரம் ரீலோடுக்குப் பின் வரும் சில நிமிடங்கள். 2960-எக்ஸ் போன்றவற்றில் புது இமேஜின் முதல் பூட்டில் போர்ட் சிப்களுக்கு மைக்ரோகோடு எழுதப்படலாம். திரையில் ஆர் என்ற எழுத்து வரிசையாக நீளும், பூட் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். 9000 வரிசையில் பூட் லோடரே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அப்போது தொங்கிவிட்டது என்று நினைத்து பவரைப் பிடுங்குவதுதான், மீட்க முடியாத அளவுக்கு சுவிட்சைக் கெடுக்கும் ஒரே பெரிய காரணம். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

யார்டுகளில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ரீலோடு செய்யாமல், நடுவில் உள்ள கோர் சுவிட்சிலிருந்து தூரமாக இருப்பதிலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள். நெட்வொர்க் கேபிள் வழியே கரன்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் எழும்வரை கேமராக்கள் அணைந்திருக்கும், கேமரா பதிவுப் பெட்டியான என்விஆரில் அந்த நிமிடங்கள் வெற்றாகப் பதிவாகும். செக்யூரிட்டி பொறுப்பாளரிடம் நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். லூப் சோதனைக்குக் காத்திராமல் போர்ட்டைத் திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடாத போர்ட்டுகள் லிங்க் வந்த பிறகும் 30 வினாடி எதையும் கடத்தாது, அதற்குள் "கேட் பிரின்டர் வரலைண்ணே" என்று போன் வரும். பொறுக்கச் சொல்லுங்கள்.

எழவில்லை என்றால்

முகப்பில் உள்ள சிஸ்ட் (சிஸ்டம்) விளக்கு பச்சையில் மின்னிக்கொண்டே இருக்கிறது அல்லது ஆம்பரில் நிற்கிறது, கன்சோலில் "சுவிட்ச்:" என்று மட்டும் ஒரு ப்ராம்ப்ட். இது பூட் லோடர். இது ஃப்ளாஷின் ஃபைல்களோடு சேராமல் தனி இடத்தில் இருப்பதால் ஃபைல் எல்லாம் போனாலும் இது இருக்கும். ப்ராம்ப்ட் வந்துவிட்டது என்றாலே பாதிக் கவலை தீர்ந்தது. அதுவும் வராமல் திரும்பத் திரும்ப பூட் ஆகி விழுந்தால், பவர் ஒயரைப் பிடுங்கி, மறுபடி செருகி, சிஸ்ட் விளக்கு மின்னும்போதே 15 வினாடிக்குள் மோட் பட்டனை அழுத்துங்கள். விளக்கு சற்றே ஆம்பராகிப் பின் நிலையான பச்சைக்கு வந்ததும் விடுங்கள்.

முதல் கட்டளை "ஃப்ளாஷ்_இனிட்". அது இல்லாமல் ஃப்ளாஷைப் படிக்க முடியாது. அடுத்து "டிர் ஃப்ளாஷ்:". பழைய இமேஜ் பட்டியலில் இருக்கிறதா? அதன் முழுப் பெயரையும் பாதையோடு எழுதி "பூட் ஃப்ளாஷ்:" கொடுங்கள். பெயரைக் கையால் அடிக்காமல் திரையிலிருந்தே காப்பி செய்து ஒட்டுங்கள். பெரும்பாலான விபத்துகள் இந்த ஒரு வரியில் முடிந்துவிடும், பழையதை அழிக்காமல் வைத்தோம் என்பதால். புதிய இமேஜ் ஏற்றும்போது மேஜிக் நம்பர் பொருந்தவில்லை, எம்ஜிப் ஃபைல் கெட்டது என்று பிழை வந்திருந்தால் ஃபைல் காப்பியில் பழுதானது அல்லது வேறு மாடலுடையது. எம்டி5 பார்த்திருந்தால் முதல் வகை வந்திருக்காது.

ஃப்ளாஷில் ஒரு இமேஜும் இல்லையென்றால், கன்சோல் கேபிள் வழியாகவே ஃபைல் அனுப்பும் எக்ஸ்மோடம். 1977-ல் வார்டு கிறிஸ்டென்சன் எழுதிய முறை, இன்றும் கடைசி நேரத்தில் கை கொடுப்பது அதுதான். கணக்கைப் பாருங்கள். 9600 பாட் என்றால் வினாடிக்கு 960 பைட். 12 எம்பி இமேஜுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல், தடங்கல்களோடு நான்கு. 115200-க்கு மாற்றினால் வெறும் கணக்கில் 18 நிமிடம், நடைமுறையில் அரை மணிக்குள். ஆகவே முதலில் "செட் பாட் 115200". அடித்த உடனே திரையில் குப்பை வரும், டெர்மினலின் வேகத்தையும் 115200-க்கு மாற்றி என்டர் தட்டினால் ப்ராம்ப்ட் திரும்பும். பிறகு "காப்பி எக்ஸ்மோடம்: ஃப்ளாஷ்:" என்று எழுதி ஃபைல் பெயர். திரையில் சி என்ற எழுத்து ஒவ்வொன்றாக விழத் தொடங்கும், அனுப்பு என்று சுவிட்ச் கேட்கிறது. அப்போது அனுப்பத் தொடங்கவேண்டும். புட்டி என்ற டெர்மினல் ப்ரோகிராமில் எக்ஸ்மோடம் கிடையாது. டெரா டெர்மில் ஃபைல் மெனுவில் உண்டு, 1கே என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் மினிகாமும் எல்ஆர்இசட்எஸ்இசட் தொகுப்பும் சேர்ந்து இதைச் செய்யும். லேப்டாப் ஸ்லீப் போகாதபடி முன்னரே அமைத்துவிடுங்கள், 80 சதவீதத்தில் திரை அணைந்து கனெக்ஷன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஏறியதும் "பூட்". ஐஓஎஸ் எழுந்தபின் எம்டி5 சரிபார்த்து, பூட் வேரியபிளை எழுதுங்கள். கன்சோல் வேகத்தை 9600-க்குத் திருப்புவதை மறக்காதீர்கள், பூட் லோடரில் "அன்செட் பாட்". மறந்தால் அடுத்த தடவை வருபவர் செத்துப்போன கன்சோல் என்று நினைப்பார்.

"ஃபார்மட் ஃப்ளாஷ்:" என்ற கட்டளையை எடுத்த எடுப்பில் தொடவேண்டாம். இமேஜோடு கான்ஃபிக், விலேன்.டேட் எல்லாம் போய்விடும். ஃபைல் சிஸ்டமே கெட்டு "டிர்" பிழை காட்டினால் மட்டும் அதற்குப் போகலாம். அதன்பின் கான்ஃபிக்கைத் திருப்பிப் போட்டாலும் எஸ்எஸ்ஹெச் வேலை செய்யாது. அதன் என்க்ரிப்ஷன் சாவிகள் கான்ஃபிக் ஃபைலில் இருப்பதில்லை, "க்ரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ" கொடுத்து 2048 பிட்டில் புதிதாக உருவாக்கவேண்டும்.

9000 வரிசையில் கதை எளிது. "இன்ஸ்டால் ஆட்", "ஆக்டிவேட்", "கமிட்" மூன்றையும் ஒரே வரியில் சேர்க்காமல் தனித்தனியே கொடுங்கள். ஆக்டிவேட் ஆனதும் 120 நிமிட டைமர் ஓடத் தொடங்கும். அதற்குள் கமிட் கொடுக்காவிட்டால் தானே பழையதுக்குத் திரும்பும். எட்டாத இடத்தில் இருக்கும் சுவிட்சுக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை. பூட் வேரியபிள் "பேக்கேஜஸ்.கான்ஃப்"-ஐக் காட்டவேண்டும். எழாவிட்டால் ஃபேட்32-ல் ஃபார்மட் செய்த யுஎஸ்பி டிரைவில் பின் ஃபைலை வைத்து, பூட் லோடரில் "பூட் யுஎஸ்பிஃப்ளாஷ்0:".

ஹெச்பி ப்ரோகர்வ், அரூபா சுவிட்சுகள் இந்த விஷயத்தில் நல்ல வடிவமைப்பு. ப்ரைமரி, செகன்டரி என்று இரண்டு ஃப்ளாஷ். புதியதை செகன்டரியில் போட்டு, "பூட் சிஸ்டம் ஃப்ளாஷ் செகன்டரி". ஒத்துவராவிட்டால் ப்ரைமரியிலிருந்து எழுப்பலாம். ஜுனிப்பர் இஎக்ஸ்2200 வைத்திருப்பவர்கள் கரன்ட் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். உள்ளே இருப்பது முழு ஃபைல் சிஸ்டத்தோடு ஓடும் ஃப்ரீபிஎஸ்டி, திடீரென்று பவர் போனால் கெடும். அணைக்கும் முன் "ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஹால்ட்". அதிலும் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது கெட்டால் இரண்டாவதிலிருந்து எழுந்து, பேக்கப் இமேஜிலிருந்து வந்திருக்கிறேன் என்று லாகின் திரையில் பெரிய எழுத்தில் எச்சரிக்கும். அதைப் பார்த்தும் விட்டுவிட்டால் அடுத்த கரன்ட் கட்டில் இரண்டும் போகும். "ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஸ்னாப்ஷாட் ஸ்லைஸ் ஆல்டர்னேட்" கொடுத்து மற்ற பகுதியை அன்றே சரி செய்யுங்கள். மைக்ரோடிக்கில், நெட்வொர்க் வழியே மென்பொருளை மறுபடி ஏற்றும் நெட்இன்ஸ்டால், பெரும்பாலான மாடல்களில் முதல் ஈதர்நெட் போர்ட் வழியாக. ரவுட்டர்ஓஎஸ் ஏறிய பின் ரவுட்டர்போர்டு ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்றி இன்னொரு ரீபூட் தேவை. ஒரே இமேஜ் இடம் கொண்ட மலிவான வெப்-மேனேஜ்டு சுவிட்சுகளுக்கு, ரிலீஸ் நோட்ஸில் உங்கள் பிரச்சினையே எழுதியிருந்தாலொழிய அப்டேட் வேண்டாம் என்பேன். செய்தே ஆகவேண்டுமென்றால் வைஃபையில் இருந்துகொண்டு செய்யாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2960-எக்ஸ் என்றால் இன்னொரு சந்தேகமும் இருக்கட்டும். 2019-ல் ஒரு நிறுவனத்தில் அப்டேட் செய்ததும் சில 2960-எக்ஸ் சுவிட்சுகள் செயலிழந்தன. எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆய்ந்து 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி அவை போலிகள். பூட்டின்போது இமேஜின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் பகுதியை ஏமாற்றி ஓடிக்கொண்டிருந்தன, புது இமேஜ் அந்த வித்தைக்கு மசியவில்லை. இமேஜ் சரி, எம்டி5 சரி, மாடல் சரி, ஆனாலும் அங்கீகாரப் பிழையோடு விழுகிறது என்றால் இன்னும் நாலு இமேஜ் மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாமல் சீரியல் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எழுந்துவிட்டது என்றால் ஒரு வாரம் முன்னால் எடுத்த லாகை அருகில் வைத்து அதே கட்டளைகளை மறுபடி ஓட்டுங்கள். முன்பு கனெக்டட் என்றிருந்த போர்ட்டில் ஒன்று குறைந்தாலும் அது யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டே கிளம்பவேண்டும். பிஓஇ-யில் கேமரா எண்ணிக்கை, என்விஆரில் படம், கேட்டில் ஒரு பிரின்ட், கடையில் ஒரு பில். சுவிட்சின் நேரம் சரியா, நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி பிடித்துவிட்டதா என்றும் பாருங்கள். பழைய இமேஜை ஒரு மாதம் ஃப்ளாஷிலேயே விட்டுவையுங்கள். புது வெர்ஷன் கான்ஃபிக்கில் சில வரிகளைத் தன் பாணியில் மாற்றி எழுதியிருக்கும், பழையதுக்குத் திரும்பினால் அவை புரியாமல் போகலாம், பாஸ்வேர்டு வரிகள் உட்பட. திரும்ப நேர்ந்தால் அப்டேட்டுக்கு முன் எடுத்த கான்ஃபிக்கையே போடுங்கள். அந்தக் கான்ஃபிக், விலேன்.டேட், இரண்டு இமேஜ்கள், எம்டி5 எண்கள் எல்லாம் உள்ள யுஎஸ்பி டிரைவ் ஒன்றை, ஜிப் கவரில் போட்டு, வெர்ஷனும் தேதியும் எழுதி, கன்சோல் கேபிளோடு சேர்த்து ரேக்கின் உள்பக்கக் கதவில் கட்டிவிடுங்கள். கவருக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள்.